ஸ்டோக் ரோ கிணறு: ஆங்கிலச் சிற்றூர் ஒன்றில் காசி மன்னரின் நீரறம்

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயர் மாவட்டத்தின் தென்கிழக்குப் பகுதியில், தேம்ஸ் ஆற்றுக்குக் கிழக்கே எழும் சில்டர்ன் குன்றுகளின்மேல், ஸ்டோக் ரோ என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஊரைச் சுற்றிலும் பீச் மரக் காடுகள். ஊருக்குள் 1815ஆம் ஆண்டைச் சேர்ந்த சிறு வழிபாட்டுக் கூடமும், 1846இல் சிக்கிமுக்கிக் கல்லால் எழுப்பப்பட்ட புனித யோவான் ஆலயமும் உள்ளன. தென் இங்கிலாந்தின் குன்றுப்புற ஊர்களில் பொதுவாகக் காணக்கூடியவைதாம் இவை. ஆனால் அவ்வூரின் சாலையோரத்தில், வேறெந்த ஆங்கிலச் சிற்றூரிலும் எதிர்பார்க்க இயலாத ஒன்று நிற்கிறது. இரும்புத் தூண்களின்மேல் கீழைநாட்டுப் பாணியில் ஒரு குவிமாடம். அதன் அடியில் நீர் இறைக்கும் பொறி. பொறியின் உச்சியில் பொன்வண்ணம் பூசிய யானை. அதற்குக் கீழே 368 அடி ஆழத்திற்கு ஒரு கிணறு இறங்குகிறது. காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங் 1863–64இல் தம் செலவில் தோண்டித் தந்த கிணறு அது.

இக்கிணற்றைப் பற்றி இருவகைப் பேச்சு வழங்குகிறது. ஆங்கிலச் சுற்றுலா எழுத்துகளில் இது வினோதமான ஒரு கீழைநாட்டு அலங்காரம். இந்தியச் சமூக ஊடகங்களில் இது ஆண்டவனுக்கே தண்ணீர் தந்த அடிமை நாட்டின் பெருமிதம். இரண்டும் கிணற்றை மேலிருந்து மட்டுமே பார்க்கின்றன. உலகின் மிகச் செல்வமிக்க பேரரசின் நடுவில், தலைநகருக்கு வெகுதொலைவில் இல்லாத ஓர் ஊர், குடிநீருக்காக ஏன் காசியை நம்ப நேர்ந்தது? ஆட்சியதிகாரத்தைப் பெரிதும் இழந்திருந்த ஒரு மன்னர், தாம் காணாத நிலத்தில் ஏன் அரசக்கொடை அளித்தார்? இவ்விரு வினாக்களையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் அக்கிணறு வரலாற்றுச் சான்றாகிறது.

முதல் வினாவுக்கான விடை நிலத்திலிருந்தே தொடங்குகிறது. சில்டர்ன் குன்றுகள் ‘சாக்’ எனப்படும் வெண்சுண்ணப் பாறையால் ஆனவை. பெய்த மழையை அப்பாறை தன் நுண்துளைகள் வழியாகவும் பிளவுகள் வழியாகவும் கீழே விட்டுவிடும். ஆகவே குன்றின்மேல் ஓடைகள் இல்லை. ஊற்றுகள் குன்றின் அடிவாரத்தில்தான் வெளிப்படுகின்றன. மேட்டில், பாறையின் மீது ஆங்காங்கே களிமண்ணும் சிக்கிமுக்கிக் கல்லும் கலந்த படலம் மூடியுள்ளது. அந்தக் களிமண் பள்ளங்களில் மட்டுமே மழைநீர் தேங்கும். கால்நடைகள் இறங்கிக் கலக்கிய அக்குட்டைகளின் நீரும், கூரைகளிலிருந்து சேர்த்த மழைநீருமே மக்களின் குடிநீர். கோடை நீண்டால் குட்டை வற்றும். பின்னர் தொலைவிலிருந்து சுமந்து வரவேண்டியதுதான். ஈரமான நாடு என்று உலகம் அறிந்த இங்கிலாந்தில், மழைக்கு நடுவே நீரின்றித் தவித்த ஊர்கள் இவை.

அதே மண்ணே அவ்வூரின் பிழைப்பையும் வகுத்தது. களிமண் இருந்ததால் இவ்வட்டாரத்தில் செங்கல் சூளைகள் தழைத்தன. அண்டை ஊரான நெட்டில்பெட்டில் குப்பி வடிவச் சூளை ஒன்று இன்றும் நினைவுச்சின்னமாக நிற்கிறது. பீச் காடுகள் இருந்ததால் மரக்கடைசல் தொழில் வளர்ந்தது. ‘பாட்ஜர்’ எனப்பட்ட கடைசல்காரர்கள் காட்டுக்குள்ளேயே கழியின் விசையால் இயங்கும் கடைசல் பட்டறை அமைத்து, நாற்காலிக் கால்களைக் கடைந்து, ஹை விக்கம் நகரின் நாற்காலிப் பட்டறைகளுக்கு அனுப்பினர். சூளைக்காரரும் கடைசல்காரரும் பண்ணைக் கூலிகளுமே மேட்டு ஊர்களின் மக்கள். தனி வீட்டாரோ சிறு ஊராரோ சுண்ணப்பாறையை நூறடிக் கணக்கில் துளைத்துக் கிணறு தோண்டும் செலவைத் தாங்கும் நிலையில் இல்லை.

நிலத்தோடு நிர்வாக எல்லைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும. இப்பகுதியின் பங்குகள், அதாவது திருச்சபை ஆட்சி எல்லைகள், நாடாவைப் போல நீண்டு ஒடுங்கியவை. ஆற்றங்கரைப் புல்வெளி, நடுவே உழவு நிலம், மேட்டில் காடும் மேய்ச்சலும் என்று ஒவ்வொரு பங்குக்கும் எல்லாவகை நிலமும் கிடைக்கும்படி இடைக்காலத்திலேயே அவை வகுக்கப்பட்டன. உழவு முறைக்கு ஏற்ற அந்த ஏற்பாடு, மேட்டு மக்களுக்கு இடர் விளைத்தது. பழைய தாய்க்கோயிலும், பெருநிலக்கிழார் மாளிகையும், நீரூற்றும் கீழே இருந்தன. ஸ்டோக் ரோ இப்ஸ்டன், நியூன்ஹம் மரன், மாங்குவெல் முதலிய பங்குகளின் மேல்நுனிகளில் சிதறிக் கிடந்தது. பல பங்குகளின் ஓரமாக இருந்த ஊர் எந்தப் பங்குக்கும் மையமாக இல்லை. அவ்வூரின் தாகம் எவருடைய பொறுப்பிலும் முழுமையாக அடங்காமல் போனதற்கு இது ஒரு காரணம் எனக் கருதலாம்.

இனி காசியுடனான தொடர்பு. குன்றின் சரிவில் உள்ள இப்ஸ்டனில் ரீட் குடும்பத்தின் நிலமும் மாளிகையும் இருந்தன. அக்குடும்பத்தின் பல பிள்ளைகளுள் ஒருவர் நாவலாசிரியர் சார்ல்ஸ் ரீட். அவருடைய அண்ணன்மாருள் இருவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணிக்கு இந்தியா சென்றனர். ஜான் தர்லோ ரீட் 1827இல் இந்தியாவிலேயே இறந்தார். அவருக்கான நினைவுக்கல் இப்ஸ்டன் வயல்வெளியில் நிற்கிறது. மற்றவர் 1807இல் பிறந்த எட்வர்டு ஆண்டர்டன் ரீட். வடமேற்கு மாகாணங்களில் நெடுங்காலம் வருவாய்த் துறையிலும் ஆட்சித் துறையிலும் பணியாற்றிய அவர், 1857 செப்டம்பரில் ஆக்ரா கோட்டைக்குள் துணைநிலை ஆளுநர் ஜான் கால்வின் இறந்தபோது, மூத்த அதிகாரி என்னும் நிலையில் மாகாணப் பொறுப்பைச் சிலகாலம் ஏற்றார். 1860இல் ஓய்வுபெற்று ஊர் திரும்பினார்.

ரீட் 1831இல் அசம்கரில் மக்களுக்காக ஒரு கிணறு தோண்டுவித்தார் என்றும், இந்தியாவை விட்டுப் புறப்படும்போது அது தொடர்ந்து பொதுமக்களுக்குப் பயன்படும்படி பார்த்துக்கொள்ளுமாறு காசி மன்னரிடம் வேண்டினார் என்றும் செய்தி உண்டு. இருவரின் நட்பில், தம் சொந்த ஊர்ப்புறத்தின் தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் ரீட் மன்னரிடம் கூறியிருந்தார். வீட்டில் எஞ்சியிருந்த கடைசிச் சொட்டு நீரைக் குடித்துவிட்டதற்காக ஒரு சிறுவன் தாயிடம் அடிவாங்கிய நிகழ்ச்சி அதில் ஒன்று. 1860களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஓர் அறம் செய்ய மன்னர் விரும்பியபோது அச்சிறுவனின் கதை அவர் நினைவுக்கு வந்ததாக மரபுவழிச் செய்தி கூறுகிறது.

இக்கதையை உணர்ச்சிக்காக மட்டும் படித்தல் போதாது. தண்ணீர்ப் பஞ்சத்தையும் வறிய குடியானவர்களையும் பற்றி ஆங்கில அதிகாரி இந்திய மன்னருக்குச் சொல்கிறார்; ஆனால் பேசப்படும் ஊர் அசம்கர் அன்று, இங்கிலாந்து. இந்தியாவைப் பற்றிய காலனிய அறிக்கைகளில் இடம்பெறும் வறண்ட ஊரும் அறியாத தாயும் தாகித்த பிள்ளையும் ஆங்கில நாட்டின் மேட்டுநிலத்திலும் இருந்தனர் என்பதை அந்நாட்டு அதிகாரியே ஒப்புக்கொண்ட அரிய தருணம் இது. அதே காலத்தில் லண்டன் மாநகருக்கடியில் ஜோசப் பேசல்கெட்டின் மாபெரும் கழிவுநீர்க் கால்வாய்கள் அமைக்கப்பட்டு வந்தன என்பதையும் உடன் நினைக்க வேண்டும். அறிவும் பணமும் பொறியியலும் இல்லாமல் இல்லை. அவை மேட்டுக் குடிசைகளை நோக்கித் திரும்பவில்லை.

பணி 1863 மார்ச் 10 அன்று தொடங்கியது. விட்டம் 4 அடி மட்டுமே; ஒருவர் குந்தித் தோண்டுவதற்கு இடமிருக்கும், இருவர்க்கு நெருக்கடி. வெடியோ துளைபொறியோ நம்பாமல் கையாலேயே தோண்டினர். மண்ணும் பாறையும் வாளி வாளியாக மேலே வந்தன. 368 அடி என்பது ஏறத்தாழ 112 மீட்டர். தில்லியின் குதுப் மினாரை அதனுள் இறக்கி நிறுத்த முடிந்தால், அதன் உச்சிக்கு மேல் இன்னும் ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் எஞ்சியிருக்கும். அந்த ஆழத்தில்தான் குன்றின் அடிநீர் கிடைத்தது. இறைபொறியை அருகிலுள்ள வாலிங்ஃபோர்டு நகரின் வைல்டர் வார்ப்படப் பட்டறை செய்தளித்தது. 1864 மே 24 அன்று கிணறு மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நீருக்குக் கட்டணம் இல்லை.

கிணற்றோடு கொடை முடியவில்லை என்பதே ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. கிணற்றுக் காவலருக்கு எண்கோண வடிவில் ஒரு சிறுவீடு கட்டப்பட்டது. அருகில் நிலம் வாங்கிச் செர்ரி மரங்கள் நடப்பட்டன. அப்பழங்களை விற்ற வருவாய் கிணற்றின் பராமரிப்புக்கு. அத்தோப்புக்கு மன்னரின் பெயரால் ‘ஈஸ்ரீ பாக்’ என்று பெயர். தோப்பில் மீன் வடிவில் ஒரு குளம் அமைத்து ‘மத்ஸ்யா’ என்றனர். மீன் காசி அரச குடும்பத்தின் சின்னம். குளத்தருகே ஒரு மண்மேட்டுக்கும் இந்தியப் பெயரே அமைந்தது.

இவற்றைத் தனித்தனி அலங்காரங்களாகக் காண்பது பிழை. கிணறு, குளம், தோப்பு ஆகிய மூன்றும் தரும சாத்திர மரபில் ‘பூர்த்தம்’ எனப்படும் பொது அறங்களின் வரிசை. வேள்வி முதலியன ‘இஷ்டம்’. நீர்நிலையும் தோப்பும் அன்னசாலையும் ‘பூர்த்தம்’. நீர்நிலையைத் தோண்டியவர் அதன்மேல் தமக்குள்ள உரிமையைத் துறந்து எல்லா உயிர்க்கும் உரியதாக விடுவது அதன் நிறைவுச் சடங்கு. கொடை தொடர்ந்து நிலைக்க வருவாய் தரும் நிலத்தை உடன் எழுதிவைப்பதும் நெடிய இந்திய வழக்கமே. நெல்வயலின் இடத்தில் செர்ரித் தோப்பு வந்திருக்கிறது. ஊழியக்காரரின் மனையிடத்தில் எண்கோண வீடு வந்திருக்கிறது. கட்டியவர்கள் ஆங்கிலேயர், பொறி ஆங்கிலப் பொறி, சட்ட வடிவம் ஆங்கில அறக்கட்டளை. ஆனால் அமைப்பின் இலக்கணம் இந்திய அறத்தின் இலக்கணம். குவிமாடத்தையும் யானையையும் விட ஆழமான ‘இந்தியத் தன்மை’ இதுவே எனலாம்.

மன்னரின் அரசியல் நிலையும் இங்கே முக்கியமானது. 1781இல் வாரன் ஹேஸ்டிங்ஸுக்கு எதிராகக் காசியின் சேத் சிங் மோதித் தோற்றபின், அவ்வரசின் அதிகாரம் படிப்படியாகக் கம்பெனியிடம் சென்றது. 1794 உடன்படிக்கைக்குப் பின் பதோஹி, சகியா முதலிய பகுதிகள் ‘குடும்ப நிலங்கள்’ என்னும் பெயரில் மன்னரிடம் எஞ்சின. காசி நகரமே அவர் ஆட்சியில் இல்லை. மீண்டும் அது சமஸ்தானமாக ஏற்கப்பட்டது 1911இல்தான். 1835இல் பட்டமேற்ற ஈஸ்வரி பிரசாத், இந்த இடைக்காலத்து மன்னர். படையும் நீதியும் கையில் இல்லாத நிலையில், அரசத்தன்மையை நிலைநாட்ட எஞ்சிய களங்கள் சடங்கும் கலைப் புரவலும் கொடையுமே. ராம்நகர் ராம்லீலாவை அவ்வரச குடும்பம் பேணியதையும் இவ்வகையில் புரிந்துகொள்ளலாம். தம் முன்னோரின் நகரில் ஆள முடியாதவர், ஆங்கிலக் குன்றின்மேல் ஒரு நிலத்துக்குத் தம் பெயரையும் தம் குலச்சின்னத்தையும் இட முடிந்தது. இடத்துக்குப் பெயரிடுவது அரசரின் செயல்.

ஆயினும் அந்த உரிமைக்குரல் விசுவாசத்தின் மொழியிலேயே ஒலித்தது. வேலை தொடங்கிய 1863 மார்ச் 10, வேல்ஸ் இளவரசர் எட்வர்டின் திருமண நாள். கிணறு திறந்த மே 24, விக்டோரியா அரசியின் பிறந்தநாள். 1871இல் இளவரசி லூயிஸின் திருமணத்தையொட்டி மன்னர் அவ்வூருக்கு ஒரு நடைபாதை அமைத்துத் தந்தார்; 1882இல் அரசி கொலைமுயற்சியிலிருந்து தப்பியதைக் கொண்டாட ஊராருக்கு ரொட்டியும் தேயிலையும் சர்க்கரையும் விருந்தும் வழங்கினார். 1857இல் காசி அரசு ஆங்கிலேயர் பக்கம் நின்றது என்பதையும், கிளர்ச்சி அடங்கிய பின்னர் எந்த மன்னர் எவ்வளவு நம்பத்தக்கவர் என்னும் கணக்கு நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் இவை என்பதையும் மறத்தலாகாது. இது தனிநிகழ்வும் அன்று. 1862இல் வைஸ்ராயின் சட்டமன்றத்தில் இடம்பெற்ற முதல் இந்தியர்களுள் ஒருவரான காசிப் பகுதியின் ராஜா தேவ் நாராயண் சிங், இப்ஸ்டனில் மற்றொரு கிணறு அளித்தார். 1860களின் இறுதியில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த விஜயநகரம் மகாராஜா லண்டன் ஹைட் பூங்காவிலும், பம்பாய்ப் பார்சி வணிகர் கவாஸ்ஜி ஜஹாங்கீர் ரெடிமணி ரீஜண்ட் பூங்காவிலும் குடிநீர் ஊற்றுகள் நிறுவினர். தலைநகரின் பூங்காவில் நிற்கும் ஊற்றைப் பலரும் காண்பர். ஸ்டோக் ரோ கிணற்றைக் காண்பவர் சிலரே. ஆனால் அந்தச் சிலருக்கு அது அன்றாட உயிர்நீர். அதனால்தான் அது ஏனைய நினைவுக்கொடைகளினின்று வேறுபடுகிறது.

கொடையின் பணம் எங்கிருந்து வந்தது என்ற வினாவும் தவிர்க்க இயலாதது. அது நில வருவாய். கங்கைச் சமவெளியின் குடியானவர் செலுத்தியது. ரீட் பணிபுரிந்த அதே வடமேற்கு மாகாணங்களின் மேற்குப் பகுதியில் 1860–61இல் கடும் பஞ்சம் நிலவியது. அதன் நினைவு ஆறுமுன்னரே ஸ்டோக் ரோவில் மண் வெட்டப்பட்டது. இதனால் கொடை பொய்யாகிவிடாது. ஆனால் ‘இந்தியா இங்கிலாந்துக்குத் தந்தது’ என்னும் வாக்கியத்தில் தந்தவர் யார், பெற்றவர் யார் என்று பிரித்துக் கேட்க அது நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. தந்தது ஒரு மன்னரின் கருவூலம். அதை நிரப்பியவர்கள் பதோஹி, சகியா உழவர்கள். பெற்றது பேரரசு அன்று. அப்பேரரசு தன் சொந்த நாட்டிலேயே கைவிட்டிருந்த கூலிகளும் கடைசல்காரர்களும் அவர்தம் பெண்டிர் பிள்ளைகளும். ஒருவரையொருவர் அறியாத இரு உழைக்கும் மக்கள் கூட்டங்கள், இரண்டுக்கும் மேலே நின்ற இருவரின் நட்பால் ஒரு கிணற்றில் இணைந்தன.

ஆங்கில அரசு பின்னர் விழித்தது. ஊர்ப்புற வீடுகளுக்குப் போதிய நீர் கிடைப்பதை உறுதிசெய்யும் கடமையை ஊரக நலவாழ்வு அமைப்புகள்மேல் சுமத்திய சட்டம் 1878இல்தான் வந்தது. அதாவது கிணறு திறந்து 14 ஆண்டுகளுக்குப் பின். சட்டம் வந்தும் மேட்டு ஊர்களுக்குக் குழாய்நீர் எட்ட இருபதாம் நூற்றாண்டு ஆயிற்று. ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஸ்டோக் ரோ மக்கள் அந்தப் பொறியைச் சுற்றியே நீர் இறைத்தனர். குழாய் வந்ததும் கிணறு ஓய்ந்தது. இரும்பு துருவேறியது, தோப்பும் பராமரிப்பின்றிப் போயிற்று.

அதன் மறுவாழ்வும் அரசியலோடு பிணைந்ததே. 1961இல் இரண்டாம் எலிசபெத் அரசி காசிக்கு வந்தபோது, அன்றைய மகாராஜா கிணற்றின் சிறு மாதிரி ஒன்றை அவருக்கு அளித்தார். 1964 ஏப்ரலில் நடந்த நூற்றாண்டு விழாவில் இளவரசர் பிலிப் கலந்துகொண்டார். காசியிலிருந்து கொண்டுவந்த கங்கை நீர் கிணற்று நீருடன் கலக்கப்பட்டது. பேரரசு முடிந்திருந்த காலம் அது. விசுவாசத்தின் சின்னமாக எழுந்த அதே கட்டடம், இரு சுதந்திர நாடுகளின் நட்புச் சின்னமாகப் பொருள் மாற்றம் பெற்றது. பின்னர் அது செப்பனிடப்பட்டு, குவிமாடமும் யானையும் மீண்டும் வண்ணம் பெற்றன. இன்று அது வாகனத்தை நிறுத்திப் படமெடுத்துச் செல்லும் இடம்.

காலனியத்தைப் பற்றிய ஆய்வுகளில் இங்கிலாந்தின் சிற்றூர் பெரும்பாலும் அமைதியான பசும்பின்னணியாகவே வருகிறது. பஞ்சமும் வறட்சியும் கடலுக்கு இப்பால் நிகழ்பவை. ஸ்டோக் ரோ அந்த வரைபடத்தைத் திருத்துகிறது. அங்கும் வறட்சி இருந்தது, கைவிடப்பட்ட குடிகள் இருந்தனர், வெளியாரின் அறத்தை நம்பும் நிலை இருந்தது. கிணற்றின்மேல் மகாராஜாவின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. ரீட் குடும்பத்துக்கு வயல்வெளியில் நினைவுக்கல் உண்டு. 112 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிக் கையால் பாறை வெட்டியவர்களும், அதற்கான பணத்தை வரியாகச் செலுத்திய கங்கைச் சமவெளி உழவர்களும், கடைசி நீரைக் குடித்து அடிபட்ட அந்தச் சிறுவனும் பெயரின்றியே இருக்கின்றனர். அக்கிணற்றின் முழு வரலாறு எழுதப்படும்போது அது ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் பங்குப் பதிவேடுகளையும் காசி அரசின் வருவாய்க் கணக்குகளையும் ஒருசேர வைத்து எழுதப்பட வேண்டும்.